முதல் ஆர்க்கிட் பூவுக்காக வேண்டாமே!

"ஆர்க்கிட்டா? அதெல்லாம் நமக்கு எதுக்குடா?" அம்மா அப்பவே சொன்னாங்க. கேட்கலையே! சேர்த்து வெச்ச காசுல ஒரு ஃபலனாப்சிஸ் வாங்கினேன். ரெண்டு மாசம் பூ அமர்க்களம். உதிர்ந்ததும் வெறும் பச்சை இலை. மறுபடி பூக்கலையேன்னு தினமும் தண்ணி ஊத்தி, வேர் அழுகி, செடியே போச்சு. செடி மேல தப்பில்லை, என் அவசரம்.

பி.காம் பாஷையில சொன்னா, அது எப்பவாவது டிவிடெண்ட் தர்ற ஷேர். புதுசா இறங்கினவன் நடுவுல பதறிடுவான். அதனால என் கட்சி இதுதான்: முதல் ஆர்க்கிட்டை இலைக்காக வாங்குங்க.

லுடிசியா டிஸ்கலர்னு ஒண்ணு இருக்கு. ஜுவல் ஆர்க்கிட்னும் சொல்வாங்க. வடகிழக்கு இந்தியா, தெற்கு சீனா, தென்கிழக்கு ஆசியக் காடுகள்ல, மரத்து மேல இல்லாம தரையில மக்கின இலைகளுக்கு நடுவுல வளர்றது. கருஞ்சிவப்பு வெல்வெட்ல செம்புக் கம்பி இழைச்ச மாதிரி இலை. வருஷம் முழுக்க அழகு. குளிர்காலத்தை ஒட்டி சின்ன வெள்ளைப் பூக்கள் வந்தா, அது போனஸ்.

நிழல்காட்டுச் செடிங்கறதால ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் ஆகாது. ஆழமில்லாத, அகலமான தொட்டி. தேங்காய் நார்க்கழிவோட பெர்லைட் கலந்தா தண்ணி தேங்காது. மேல்பக்கம் லேசா காய்ஞ்சதும் ஊத்துங்க. அவ்வளவுதான்.

"இலைதான் வேணும்னா மணி பிளான்ட் போதுமே?" நியாயமான கேள்வி. ஆனா மணி பிளான்ட் எதையும் தாங்கிக்கும், எதையும் கத்துக் கொடுக்காது. ஆர்க்கிட் வேருக்கு ஈரத்தோட காத்தும் வேணும்னு எனக்குப் புரிய வெச்சது லுடிசியாதான்.

இன்னொரு முக்கியமான விஷயம். இதோட சொந்தக்காரச் செடி அனெக்டோகைலஸ் எலேட்டஸ் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கு, அதுவும் அரிதாத்தான். ஆசைப்பட்டு காட்டுல இருந்து பிடுங்கிட்டு வராதீங்க. லுடிசியா தண்டுல ஒரு துண்டை வெட்டி, கணு மண்ணுல படுற மாதிரி நட்டாலே வேர் விடும். காட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

என் செடியும் ஒரு நண்பன் கொடுத்த துண்டுதான். இப்ப மூணு தொட்டி ஆயிடுச்சு. அதுல ஒண்ணை அம்மா சமையலறை ஜன்னலுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க!