லேபிள் இல்லாத பாட்டில்

திபிலீசியில் டாக்டருக்குப் படிக்கும் பெரியம்மா பையன், காக்கேத்தி கிராமத்து வீடு ஒன்றில் வாங்கிய சிவப்பு ஒயினை ஊருக்குக் கொண்டுவந்தான். தண்ணீர் பாட்டிலில்! "இதெல்லாம் ஒரு ஒயினாடா, பிராண்ட் எங்கே, விலை எங்கே?" என்று சிரித்தார்கள் நம்ம வகுப்புப் பசங்க. மார்க்கெட்டிங் பேப்பரை நல்லாத்தான் படிச்சிருக்கீங்க மக்களே.

நான் குடித்துப் பார்த்தேன். நாவல்பழத் துவர்ப்பு, நாக்கு, பல் எல்லாம் ஊதா. திராட்சையின் பெயர் சபெராவி, சாயம் என்று அர்த்தம். பெரும்பாலான கருந்திராட்சைக்குத் தோல்தான் கறுப்பு. இதற்குச் சதையும் சிவப்பு. மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த குவெவ்ரி என்ற தாழியில் சாறும் தோலும் சேர்ந்தே நொதிக்கும். 2013-ல் யுனெஸ்கோ இந்த முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லேபிளைப் பார்த்து அல்ல!

பிராண்ட்தான் சொத்து என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியில் பெரும்பங்கை வாங்கிய கடைக்காரனே கதவைச் சாத்தினான், 2013 வரை. பெரிய ஆலைகள் ஆடிப்போயின. வீட்டுத் தோட்டத்துக்காரரோ தான் குடிக்கவும் விருந்தாளிக்கு ஊற்றவும் தாழியை நிரப்பிக்கொண்டுதான் இருந்தார். அதைத்தான் நீங்கள் மோந்துகூடப் பார்க்காமல் சிரித்தீர்கள். மிச்சம் அரை பாட்டில் இருக்கிறது. தர மாட்டேன் :-)