கயிறிழுத்து இயங்கும் படகுக்கு லொறி பற்றரி எதற்கு?

முல்லைத்தீவுக் கரையில் படகு கையளிக்கும் வைபவங்களை எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்துபோன பின்னரும் பார்த்தேன். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்து, மக்கள் மீளக் குடியேறிய காலத்திலும் பார்த்தேன். பந்தல், மாலை, மங்கல விளக்கு, நன்கொடையாளரின் பெயர் எழுதிய படகு. மறுநாள் பத்திரிகையில் படகுகளின் எண்ணிக்கையோடு செய்தி வரும். அந்தச் செய்திகளில் சில என் கையாலேயே எழுதப்பட்டவை. ஒரு தடவையேனும் அந்தப் படகின் இருக்கைப் பலகைக்குக் கீழே குனிந்து, அங்கே என்ன பற்றரி வைத்திருக்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையை அந்தத் தவறுக்கான பிராயச்சித்தமாகவே எழுதுகிறேன்.

அண்மையில் கள்ளப்பாட்டுக் கரையில், வலை தெரிந்துகொண்டிருந்த ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பதினெட்டு அடிக் கண்ணாடியிழைப் படகு. சிறிய வெளியிணைப்பு இயந்திரம். மூன்று கிழமைகளுக்கு முன்னர் நடுக்கடலில் நள்ளிரவில் விளக்கும் ஜீ.பி.எஸ். கருவியும் ஒருசேர அணைந்துவிட்டன என்றார். போட்ட வலை எங்கே என்று தெரியவில்லை. கரை எந்தப் பக்கம் என்பதை நட்சத்திரம் பார்த்துக் கண்டுகொண்டாராம். "ரெண்டு வருசத்திலை இது மூண்டாவது பற்றரி ஐயா. லொறிக்குப் போடுறது, நல்ல பலம் எண்டுதான் கடையிலை தந்தவை" என்றார்.

அவர் சொன்ன அந்தப் 'பலம்' என்ற சொல்லில்தான் ஏமாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

லொறி பற்றரி ஒரேயொரு வேலைக்காகச் செய்யப்படுவது. பெரிய இயந்திரத்தை உயிர்ப்பிக்கச் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டத்தை அது வாரி இறைக்கிறது. அதற்காகவே அதன் ஈயத் தகடுகள் மெல்லியனவாகவும் பலவாகவும் அமைந்திருக்கின்றன. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இழந்த சிறிதளவு மின்னும் உடனே திரும்பக் கிடைத்துவிடுகிறது. அத்தகைய பற்றரியை இரவு முழுவதும் சிறுகச் சிறுக வடித்து, விடியும்போது வெறுமையாக்கினால் அந்த மெல்லிய தகடுகள் சிதைந்துபோகும். சில பத்துத் தடவைகளிலேயே அது சோர்ந்துவிடும். கடலுக்குப் போகும் இரவுகளை எண்ணிப் பாருங்கள். சில மாதங்கள்தான் அதன் ஆயுள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நமது கரைகளில் உள்ள சிறு படகுகளின் இயந்திரங்களில் பெரும்பாலானவை கயிற்றை இழுத்து இயக்கப்படுபவை. அவற்றை உயிர்ப்பிக்கப் பற்றரியே வேண்டியதில்லை! அந்தப் படகுக்கு எது தேவையில்லையோ அதற்கென்றே செய்த பற்றரியை விற்கிறார்கள், தானமும் செய்கிறார்கள். அது செத்துப்போனதும் "கடற்றொழிலாளருக்குப் பற்றரியைப் பராமரிக்கத் தெரியாது" என்கிறார்கள்.

யாருக்குத் தெரியாது? 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் வெடித்த பின்னர், 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரையில், வன்னிக்குள் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ரோர்ச் பற்றரியும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்ட சனங்கள் இவர்கள். தேய்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் விட்டும், பலவற்றை வரிசையாகக் கட்டியும் வானொலியைப் பேசவைத்தவர்கள். ஒரு துளி மின்சாரத்தின் அருமையை இவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இவர்களிடம் கேட்காமல் கொழும்பிலும் கனடாவிலும் இருந்து முடிவெடுப்பவர்களுக்குத்தான் பாடம் தேவைப்படுகிறது.

ஆகவே கணக்கைப் போடுவோம். கொப்பியும் பேனையும் போதும்.

பன்னிரண்டு மணிநேர இரவுத் தொழில் என்று கொள்வோம். 10 உவாற் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 10 அம்பியர்-மணி செல்லும். ஜீ.பி.எஸ். கருவிக்கு 6. வானலைத் தொடர்புக் கருவி வைத்திருப்போருக்கு, கேட்டுக்கொண்டிருப்பதற்கும் இடையிடையே பேசுவதற்கும் இன்னொரு 6. கைத்தொலைபேசிக்கு 3. ஆகக்கூடியது 25 அம்பியர்-மணி. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது என்பது பொதுவிதி. எனவே 50 வேண்டும். முதுமைக்கும் வெயிலுக்கும் சேர்த்து 60 அம்பியர்-மணி. இவ்வளவுதான் தேவை. ஆனால் அது ஆழ்சுழற்சிப் பற்றரியாக இருக்க வேண்டும். அதாவது, தடித்த தகடுகள் கொண்டதும் மெதுவாக வடித்து மெதுவாக நிரப்புவதற்கென்றே செய்யப்பட்டதுமான பற்றரி. பாதிவரை வடித்து நிரப்பினால் பல நூறு தடவைகள் உழைக்கும். கடையில் அடையாளம் காண்பது எளிது. சி.சி.ஏ. என்ற எழுத்துகளோடு பெரிய எண்ணைப் பெருமையாகப் பொறித்திருந்தால் அது இயந்திரம் உயிர்ப்பிக்கும் பற்றரி, விட்டுவிடுங்கள். இருபது மணிநேர வடிப்புக்கு எத்தனை அம்பியர்-மணி என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் சற்றுக் கூடுதலாகப் பணம் இருந்தால் லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி இன்னும் மேலானது. ஐந்தில் நான்கு பங்கை வடிக்கலாம் என்பதால் 40 அம்பியர்-மணியே போதும். நிறையோ ஈயப் பற்றரியின் பாதிக்கும் குறைவு. கரையிலிருந்து தோளில் சுமப்பவருக்கு அது பெரிய ஆறுதல். தரமானது இரண்டாயிரம் தடவைக்கு மேல் நிரப்பி வடிக்கத் தாங்கும். அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. ஈயப் பற்றரி விளக்கை மங்கச் செய்து முன்கூட்டியே எச்சரிக்கும். லித்தியம் கடைசிவரை பிரகாசமாக எரியவைத்துத் திடீரென்று கையை விரித்துவிடும். வோல்ற் அளவைப் பார்த்தும் மிச்சத்தைச் சரியாக அறிய முடியாது. எவ்வளவு வடிந்தது என்று எண்ணிக் காட்டும் சிறு மானியும், தனிப் பற்றரியில் எரியும் தலைவிளக்கு ஒன்றும் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

இனி சார்ஜர். பற்றரியைக் கொல்வதில் பாதிப் பங்கு இதற்குரியது. எதையும் அளக்காமல் இரவு முழுவதும் மின்னைத் திணிக்கும் பழைய பெட்டிகள் இன்னும் பாவனையில் உள்ளன. அவை பற்றரியின் நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கின்றன. வேண்டியது மூன்று நிலைச் சார்ஜர். முதலில் வேகமாக நிரப்பும். பிறகு சுமார் 14.4 வோல்ற்றில் நிறுத்தி மெல்ல ஊட்டும், நிறைந்ததும் 13.6 அளவுக்குத் தானே இறங்கிக்கொள்ளும். மின்னோட்டம் பற்றரிக் கொள்ளளவின் பத்திலொரு பங்கு முதல் ஐந்திலொரு பங்குவரை இருக்கலாம்; 60 அம்பியர்-மணிக்கு 6 முதல் 12 அம்பியர். இந்த அளவுகள் 25 பாகை வெப்பத்துக்கு உரியவை. வன்னியில் 35 பாகை சாதாரணம். அந்த வெக்கையில் ஈயப் பற்றரிக்கு ஏறத்தாழ கால் வோல்ற் குறைத்தே ஊட்ட வேண்டும். வெப்பத்தை உணர்ந்து தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்கள் இருக்கின்றன. லித்தியத்துக்கு அதற்கென அமைந்த சார்ஜரே வேண்டும்.

கரையில் மின் இணைப்பு இல்லாத வாடிகளுக்கு வெயில் இருக்கிறதே! 100 உவாற் சூரியத் தகடு ஒன்றும் அதற்கான கட்டுப்படுத்தியும் வாடிக் கூரையில் இருந்தால், நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ அந்த 25 அம்பியர்-மணி திரும்பிவிடும். ஈயப் பற்றரியை மட்டும் பிள்ளைகள் உறங்கும் அறையில் வைத்து நிரப்பாதீர்கள். அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு ஒரு பொறி பட்டாலே வெடிக்கக்கூடியது. கடல்நீர் உள்ளே புகுந்தாலோ நச்சுக் குளோரின் எழும். மூடியுள்ள பெட்டி, நேர்முனைக்கு அருகே ஓர் உருகி, முனைகளில் கிறீஸ் பூச்சு ஆகிய மூன்றும் அற்பச் செலவு.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் படகுகள் கரையேறிவிடும். அப்போது வடிந்த நிலையிலேயே மூலையில் போட்ட ஈயப் பற்றரி மறுபடி எழும்பாது. தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். கடலுக்குப் போகாவிட்டாலும் மாதம் ஒருமுறை நிரப்ப வேண்டும். இதை எந்தக் கையளிப்பு வைபவத்திலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று எனக்குத் தெரியும்.

முதலாவது, விலை. நல்ல பற்றரியும் சார்ஜரும் கூடுதல் விலைதான். ஆனால் கடன்பட்டு இரண்டு வருடத்தில் மூன்று பற்றரி வாங்கியவரின் கணக்கை யார் பார்த்தார்கள்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏற்றப்பட்டது. ஜீ.பி.எஸ். அணைந்து, போட்ட வலையைத் தேடி அலையும் ஒவ்வொரு மணிநேரமும் மண்ணெண்ணெயைக் குடிக்கிறது. மலிவுப் பற்றரியின் உண்மை விலை அந்தத் தாங்கியில் எரிகிறது.

இரண்டாவது ஆட்சேபம் சற்று நுட்பமானது. நல்ல பற்றரி கொடுத்தால் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பார்கள் என்று ஓர் உத்தியோகத்தரே என்னிடம் சொன்னார். சட்டவிரோதத் தொழில்முறைகளை நிறுத்து என்று 2018இல் முல்லைத்தீவில் வீதிக்கு இறங்கிப் போராடியவர்கள் இதே சிறு படகுக்காரர்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். வெளிச்சம் பாய்ச்சுவோர் மின்பிறப்பாக்கியோடு போகிறார்கள். நான் கேட்கும் 10 உவாற் விளக்கு மீனைக் கூட்டுவதற்கு உதவாது. இருட்டில் இங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்று காட்டுவதற்கு மட்டுமே உதவும். இழுவை மடிப் படகுகள் ஓடும் கடல் இது. இலங்கையில் 2017இல் இழுவை மடி சட்டத்தால் தடைசெய்யப்பட்டும் எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகள் நின்றபாடில்லை. அவற்றின் பாதையில் விளக்கணைந்த சிறு படகு கிடந்தால் என்ன ஆகும்? சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை கலங்கள் விளக்குக் காட்ட வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் கூறுகின்றன. விளக்கைக் காட்டச் சொல்லிவிட்டு, விடியும்வரை எரியாத பற்றரியைக் கையில் கொடுப்பது எந்த நியாயம்?

எனவே என் கோரிக்கைகளைச் சுருக்கமாகவே வைக்கிறேன். அரச மானியமாகவோ தொண்டாகவோ படகு கொடுக்கும் எவரும், ஆழ்சுழற்சிப் பற்றரியையும் அதற்குப் பொருந்தும் சார்ஜரையும் படகின் பகுதியாகவே கொடுக்க வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். உத்தரவாதச் சீட்டைக் காட்டிக் கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் பலமும் வரும். பற்றரியைப் பரிசோதிக்கத் தெரிந்த ஒரு இளைஞரையாவது ஒவ்வொரு சங்கமும் பயிற்றுவிக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த வாசகர்களே, உங்கள் ஊர்ச் சங்கம் அடுத்த தடவை படகு கொடுக்கத் தீர்மானிக்கும்போது, பெயர் எழுதும் செலவை நிறுத்திவைத்து, அந்தத் தொழிலாளியிடம் இரவில் என்னென்ன கருவிகள் எத்தனை மணிநேரம் எரிகின்றன என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேளுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

நானும் இனி ஒரு படகு கையளிப்புக்குப் போனால், பந்தலில் உட்காரமாட்டேன். முதலில் இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். அங்கே சி.சி.ஏ. என்று எழுதியிருந்தால், அந்த வைபவத்தின் செய்தி அதிலிருந்தே தொடங்கும்.