சாய்ப்பை இடிக்காதீர்கள்

பழைய கொட்டாய்களைப் புதுப்பிக்கிற மோகம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள கவுண்டமார் தோட்டங்களில் இன்னும் சில மரச்சாளைகள் நிற்கின்றன. மாடு கட்டவும், கம்பும் சோளமும் கொட்டிவைக்கவும், தட்டுப்போர் நனையாமல் அடைக்கவும் போட்டவை. கோழிப்பண்ணைகள் பெருகியபோது இடிந்தது போக மிச்சம். இப்போது சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் இரண்டு நாள் தங்கிப்போக அவற்றை விடுதியாக்குகிறார்கள். 'பழமையின் குணம் கெடாமல்' என்பது இவர்கள் சொல்லும் மந்திரம். குணம் என்றால் எது, யார் பார்த்த குணம் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

மரத்தைப் பொறுத்தவரை எனக்குச் சண்டை இல்லை. வைரம் பாய்ந்த பனங்கையைப் பிடுங்கிவிட்டு இரும்புக் குழாய் வைப்பது மடத்தனம்தான். தூணின் அடி உளுத்திருந்தால் உளுத்த அளவை மட்டும் வெட்டியெடுத்து, அதே சாதி மரத்தில் துண்டு செய்து, காடி வெட்டிப் பொருத்தி மர ஆணி அடிக்க நல்ல ஆசாரிக்குத் தெரியும். (மரத்துக்கும் 'சாதி' என்றுதான் சொல்கிறோம், பாருங்கள்.) தூண் மண்ணில் நிற்கக்கூடாது, கல்லின்மேல் நிற்க வேண்டும். கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். மண்சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, சுவரில் சொருகிய உத்தரத்தின் முனையைத் தின்றுவிடும். சுண்ணாம்புதான் பூச வேண்டும். முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக்கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செய்ய மனமிருந்தால் முடியும்.

என் சண்டை சாய்ப்பைப் பற்றியது.

நான் வங்கிக் குமாஸ்தா. கடன் மனுக்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அப்படி வந்த ஒன்றில் ஒரு சாளையின் வரைபடம் இருந்தது. யாருடையது, எந்த ஊர் என்பது வேண்டாம். தூணெல்லாம் அப்படியே, ஓடு அப்படியே, சால்பறியும் கலப்பையும் மாட்டியிருந்த முளைகள்கூட 'பாதுகாக்கப்படும்' என்று எழுதியிருந்தது. பின்சுவரை ஒட்டிய ஓலைச் சாய்ப்பின்மேல் மட்டும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு. 'அகற்றப்படும் – குளியலறை.'

அந்தச் சாய்ப்பு என்னவென்று வரைந்த பொறியாளருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். பண்ணயத்துக்கு விட்ட சக்கிலிப் பையன் ராத்திரி படுக்கிற இடம் அது. என் அப்பா பத்து வயசில் அப்படி ஒரு சாய்ப்பில் படுத்தவர். தலைமாட்டில் மாட்டு மூத்திரம், கால்மாட்டில் அவருக்கென்று ஒதுக்கிய வட்டில். சாளைக்குள் சாணி வழிக்கலாம், தானியம் இருக்கிற பக்கம் கால் வைக்கக்கூடாது. களத்தில் அடித்து, தூற்றி, மூட்டை பிடித்தது எல்லாம் இவர்கள். உள்ளே போன பிறகு தானியத்துக்குத் தீட்டு வந்துவிடும்! முளையில் தொங்கிய சால்பறியின் தோலைப் பதம்பண்ணித் தைத்தது யார் என்பதையும் கேளுங்கள். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) படித்தவர்களுக்கு அந்தப் பிள்ளைகளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஆக, பொருளின் அடையாளம் பத்திரம், ஆளின் அடையாளம் குளியலறை. இதைத்தான் குணம் கெடாமல் காப்பது என்கிறார்கள்.

நம் ஆட்களே இதற்கு எதிர்ப்பேச்சு பேசுவார்கள் என்று தெரியும். அப்பாவிடம் சொன்னபோது, "அந்தக் கெரகத்த இடிச்சுத் தள்ளுனாத்தான் என்ன, அத வெச்சுப் பூசையா பண்ணப்போற?" என்றார். அனுபவித்தவர் கோபம், நியாயம்தான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் கிழித்ததை வாசித்தவன் எவனும் கிராமத்து ஓலைக்கும் மண்ணுக்கும் கண்ணீர் விடமாட்டான். ஆனால் சாய்ப்பு போனால் லாபம் யாருக்கு? 'எங்க தோட்டத்துல பண்ணயத்தாளும் வீட்டுப்பிள்ளை மாதிரித்தான்' என்று சொல்கிறவருக்கு. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அப்பன் வாங்கிய கடன் எழுத்தில் இல்லை, மகன் கழித்த வருசம் எழுத்தில் இல்லை. வாய்வார்த்தையில் கட்டிப்போட்டவர்களுக்கு என்ன பத்திரம் இருக்கும்? அஞ்சு அடி உசரத்தில் குனிந்து நுழைகிற அந்தச் சாய்ப்புதான் இருக்கிறது.

கருப்பின மக்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்றொரு பழைய கரும்புப் பண்ணை. பெரிய வீடு, அடிமைக் குடில்கள், பழைய மரக் களஞ்சியம் எல்லாம் உண்டு. 2014இல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தபோது முதலாளியின் சீமைச் சாமான்களை முன்னால் வைக்கவில்லை. அடிமைகளின் பக்கமிருந்து கதையைச் சொன்னார்கள். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவிலிருந்த அடிமைக் குடில் ஒன்றைப் பலகை பலகையாகப் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். 2016இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் அது நிற்கிறது. அரசாங்கக் காசும் போட்டு, தலைநகரத்தின் நடுவில். அதைப் பார்த்து யாரும் பூசை பண்ணவில்லை.

எனவே சாய்ப்பும் பழுதுபார்க்கப்பட வேண்டும். அதே உசரத்தில், அதே ஓலையில். குளியலறைக்குத் தோட்டத்தில் இடமா இல்லை? விடுதிக்கு வருகிறவர் குனிந்து உள்ளே போய் ஒரு நிமிசம் நின்றுவிட்டு வரட்டும். வாசலில் தொங்கப்போகும் பலகையில் பாட்டனார் பெயரோடு, அங்கே கிடந்த பிள்ளைகளின் பெயரும் வரட்டும். வேலை செய்கிற கூலியையும் பார்க்க வேண்டும். மண் குழைத்துச் சுண்ணாம்பு சுமக்கிற சித்தாள் பெண்ணுக்கு ஆண் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு எந்தப் பாரம்பரியத்தைக் காக்கிறார்கள்? காப்பது அந்தப் பாரம்பரியத்தைத்தான் என்றால் சரி, அதையும் பலகையில் எழுதிவிடலாம்.

குமாஸ்தாவுக்குக் கடனை நிறுத்துகிற அதிகாரம் கிடையாது. வரைபடத்தைத் திருத்துகிற அதிகாரமும் கிடையாது. உடையவரிடம் சாய்ப்பைப் பற்றிக் கேட்டேன். "அது என்னத்துக்குங்க, அசிங்கமா இருக்கும்" என்றார். சித்திரையில் வேலை தொடங்குவதாகச் சொன்னார். அந்தச் சாய்ப்பில் படுத்தவர்கள் சேரியில் இப்போது நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஒருவருக்குக் காது கேட்காது. தைக்குள் போய்ப் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும், கூட வருகிற தோழர்கள் வரலாம்.