கம்பெனிக்கு உண்டு, குடும்பத்துக்கு இல்லையா?

ஒரு கம்பெனி கடனில் மூழ்கினால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனு ஏற்கப்பட்டதும் வசூல் நடவடிக்கைகள் நிறுத்தப்படும். கடன் கொடுத்தவர்கள் கூடிப் பேசி, கடனில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துக்கூட முடித்துக்கொள்வார்கள். திருப்பூரில் தையல் கூலிக்குப் போகும் ஒரு பெண், குழுக் கடனும் செயலிக் கடனும் கட்ட முடியாமல் தவித்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்திலேயே இதற்கு விடை உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000 ரூபாய், கடன் 35,000 ரூபாய் ஆகிய வரம்புகளைத் தாண்டாத, சொந்த வீடில்லாத ஒருவர் அடமானமில்லாத கடனிலிருந்து விடுபட்டுப் புதிதாகத் தொடங்கலாம். இன்று ஒரு குழுக் கடனே பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அந்த வாய்ப்பும் சாமானியருக்கு இன்னும் அமலாகவில்லை. தனிநபர் திவால் பகுதி 2019 டிசம்பரில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு வெள்ளையர் காலத்து 1909, 1920 சட்டங்கள்தான் கதி. ‘மஞ்சக் கடுதாசி கொடுத்தவன்’ என்ற பழிக்கு அஞ்சிப் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை.

வெளியேற வழி இல்லாதவர் கடனுக்குள்ளேயே சுற்றுகிறார். குழுத் தவணைக்கு நகை அடகுக்குப் போகிறது, நகையை மீட்கக் கந்துவட்டி, அந்த வட்டிக்குச் செயலிக் கடன். மொத்தத் தவணை குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டினால் நுண்கடன் கொடுக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதிதான். ஆனால், கந்துவட்டிக்காரரின் நோட்டுக் கணக்கு எந்தக் கடன் அறிக்கையிலும் ஏறாது.

தமிழக அரசு தண்டனைச் சட்டங்களை நம்புகிறது. 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அது இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பத்தையே கந்துவட்டிக் கொடுமைக்குப் பறிகொடுத்தோம். அடாவடி வசூலுக்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டம் வந்தது. மிரட்டுபவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். மிரட்டல் நின்ற பிறகும் கடன் நிற்கிறதே! எதை முதலில் அடைப்பது, எதற்கு அவகாசம் கேட்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். அதற்காகவே 2009-இல் ரிசர்வ் வங்கி கடன் ஆலோசனை மையங்களுக்குத் திட்டம் வகுத்தது. 2012-இல் அவை நிதிக் கல்வி மையங்களாயின. கடன் ஆலோசனை பின்னுக்குப் போனது.

இப்போதைக்குச் சில பிடிமானங்கள் உண்டு. கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடனாளியைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. காசோலை மோசடி வழக்கு வேறு. புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். தொலைபேசி எண் 15100.

அந்த ஆணைக்குழு அலுவலகங்களில் ஒரு கடன் ஆலோசகரையும் மாநில அரசு உட்கார வைக்கட்டும். மத்திய அரசு வரம்புகளை உயர்த்தி, தனிநபர் திவால் பகுதியை எல்லோருக்கும் அமலாக்கட்டும். கம்பெனிக்கு உடனே தந்த மறுவாய்ப்பைக் கூலிக்காரருக்கு மட்டும் 2016-லிருந்து நிறுத்தி வைத்திருப்பது நியாயமே இல்லை.