சண்டிக்குதிரை என்று யாரைச் சொல்கிறீர்கள்?

தமிழில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. புரவி, பரி, இவுளி, மா என்று சங்கப் பாட்டிலிருந்தே பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. நம் கவிஞர்களுக்கு வேகம் வேண்டுமா, குதிரை. ஆண்மை வேண்டுமா, குதிரை. கட்டுக்கடங்காத மனசைச் சொல்ல வேண்டுமா, அதற்கும் குதிரைதான். நான் படித்த நவீன கவிதைகளில் ஓடும் குதிரைகளை எல்லாம் கூட்டிவந்தால் சுங்கை பீசித் திடல் கொள்ளாது. ஆனால் அதில் ஒன்றுக்காவது வயிற்றுவலி வந்திருக்கிறதா? ஒன்றாவது ஆறு வயதில் வேலை இழந்து, லாரியில் ஏற்றப்பட்டு, முன்பின் தெரியாத ஒரு மலையில் இறக்கிவிடப்பட்டிருக்கிறதா?

இதை இப்போது கேட்கக் காரணம் உண்டு. 2024ஆம் வருடம் ஜூன் மாதம் தமிழக அரசு ஊட்டி பந்தயத் திடலின் 52 ஏக்கரை மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடமிருந்து எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்தது. அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1842இல் தொடங்கிய கிளப் அது. மூடப்போகிறோம் என்று 2023 ஜூனில் அறிவித்தபோது அங்கே ஏறக்குறைய 700 குதிரைகள் இருந்தன. நிலத்தைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். பூங்கா வருமா, வீடு வருமா, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பக்கம் பக்கமாக வந்தது. சூதாட்டம் ஒழிந்தது நல்லதுதான் என்றும் எழுதினார்கள். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் குதிரை?

குதிரை எங்கே போகும் என்றால், கொஞ்சம் எங்கள் பக்கமும் வரும். பந்தயத்தில் தோற்ற குதிரை மலிவு. பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரித் தோட்டம், தேனீப் பண்ணை, சப்பாத்திக்கள்ளித் தோட்டம் என்று சுற்றுப்பயணிகளுக்காக எதையாவது புதிதாகத் திறக்க நினைப்பவர்களுக்குக் குதிரைச் சவாரி நல்ல யோசனையாகத் தோன்றுகிறது. ‘கசாப்புக்குப் போயிருக்க வேண்டியதைக் காப்பாற்றினோம்’ என்று புண்ணியக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. வாங்கிய மூன்றாம் நாள் மேலே ஏறுகிறார்கள். அது பாய்கிறது. வீடியோ எடுக்கிறார்கள். அப்புறம் ‘சண்டிக்குதிரை’ என்று பேர் வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பேரோடுதான் எனக்குச் சண்டை. பந்தயக்குதிரை பழகாத குதிரை இல்லை, அடக்க வேண்டிய காட்டு மிருகமும் இல்லை. ஒன்றரை, இரண்டு வயதிலேயே முதுகில் ஆள் ஏறி, அன்றாடம் விடிகாலையில் வேலைக்குப் போய்வந்த தொழிலாளி அது. வேறொரு வேலைக்கு முழுசாகப் பழக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் உட்கார்ந்த எங்களுக்கு இது விளங்க வேண்டும். எங்களுக்குப் படிப்பு இல்லாமல் இல்லை; மலாயில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதற்கும் ‘மக்கு’ என்று ஒரு பேர் இருந்தது.

கடிவாளத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கெல்லாம் தெரிந்தது, இழுத்தால் நிற்கும். பந்தயக்குதிரைக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்கும்போது அது வாயிரும்பின் மேல் சாய்ந்து, அந்தப் பிடியின் பலத்திலேயே ஓடுகிறது. ஓட்டம் முடிந்து ஜாக்கி நிமிர்ந்து பிடியைத் தளர்த்தும்போதுதான் வேகம் குறைக்கிறது. இப்போது பயந்துபோன புது ஆள் ஒருவர் மேலே உட்கார்ந்து, அது கொஞ்சம் வேகம் எடுத்ததும் முழுப் பலத்தோடு இழுக்கிறார். குதிரை கீழ்ப்படிகிறது. இன்னும் வேகமாக ஓடுகிறது. அவர் இன்னும் இழுக்கிறார். நான் படித்த பொறியியலில், பிழையைக் குறைக்க வேண்டிய சமிக்ஞை பிழையைக் கூட்டினால் யாரும் இயந்திரத்தைத் திட்டுவதில்லை, கம்பியை எங்கே மாற்றிக் கொடுத்தோம் என்றுதான் தேடுவோம்.

கால் விஷயமும் அப்படித்தான். ஜாக்கியின் அங்கவடி குட்டையானது, அவர் கால் குதிரையின் விலாவைத் தழுவித் தொங்குவதே இல்லை. நீளக் கால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் அதற்கு அது புதுச் செய்தி. ஏறும்போது அசையாமல் நிற்கவில்லை என்று குறை சொல்கிறார்கள். லாயத்தில் ஜாக்கியை இன்னொருவர் முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார், குதிரை பல நேரம் நடந்துகொண்டேயிருக்கும். நிற்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. தனியாகப் போனதும் இல்லை, எப்போதும் கூட்டமாகவே போகும். திறந்த புல்வெளியில் அவிழ்த்துவிடப்பட்ட அனுபவம் பலவற்றுக்கு இல்லை. சரிவும் இல்லை. சுங்கை பாலாஸ் பக்கத்துத் தேயிலைச் சரிவு மாதிரி ஓரிடத்தில் இறங்கச் சொன்னால், சமதரை மட்டுமே கண்ட உடம்பு முன்னங்காலில் பாரத்தைப் போட்டுத் தடுமாறும். மழை பெய்த மண்ணில் கேட்கவே வேண்டாம். ‘நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு’ என்று நம்மிடம் பழமொழி வேறு இருக்கிறது. அந்த நொண்டி எங்கே வந்தது என்று பழமொழி விசாரிக்காது.

முதல் சவாரிக்கு முன்னால் சவாரி இல்லாத நாட்கள்தான் முக்கியம், குறைந்தது ஒன்றிரண்டு மாதம். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும். ஐந்நூறு கிலோ குதிரைக்கு நாளைக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ உலர்புல்லாவது வேண்டும். குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது மட்டுமே எச்சில் ஊறி அதை ஆற்றும். நாள் முழுக்க மேய வேண்டிய பிராணியை அறையில் நிறுத்தி, வேளைக்கு வேளை தானியம் கொடுத்து ஓட்டினால் என்ன ஆகும்? பந்தயக்குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருக்கிறது. சேணத்தின் வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருவது பல நேரம் திமிர் இல்லை, வலி. பல், முதுகு, குளம்பு, முன்னங்கால் தசைநாண் எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் குதிரை வாங்கப் பணம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இந்த அலட்சியம் நேற்று வந்ததும் இல்லை. பாண்டிய நாட்டுக்குக் கடல்வழி ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து, பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போகின்றன என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். விற்பனை குறையக்கூடாது என்று வியாபாரிகள் லாடம் அடிக்கத் தெரிந்தவர்களையே இங்கே வரவிடுவதில்லை என்றும் எழுதினார். நாம் பட்டினப்பாலையின் துறைமுகத்தில் இறங்கிய குதிரையோடு பெருமையை நிறுத்திக்கொள்கிறோம். இறங்கிய பிறகு அது எத்தனை வருடம் உயிரோடு இருந்தது என்பது இலக்கிய வரலாறு ஆகவில்லை.

‘மனுஷனுக்கே வேலை போகுது, நீ குதிரைக்கு அழுகிறாய்’ என்பார்கள். நியாயம்தான், ஆனால் அந்த மனுஷன் யார் என்று பாருங்கள். மலாயாத் தோட்டங்களில் துரை குதிரையில் வருவார். தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியவர் தமிழர். பந்தயத் திடல்களிலும் தலைமுறையாகச் சைஸ் வேலை பார்த்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். நம் தோட்டப் புனைவுகளில் பால்மரம் வெட்டியவரும் கொழுந்து பறித்தவரும் கிடைத்த அளவுக்குக் குதிரைக்காரர் கிடைக்கவில்லை. முனீஸ்வரன் கோயிலில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் குதிரை நிற்கிறது. அதைக் கதையில் எழுதுகிறோம். உயிருள்ள குதிரையோடு படுத்து எழுந்தவர் என்ன கற்றிருந்தார் என்று கேட்க ஆள் இல்லை.

இங்கே ஒரு காய்கறித் தோட்டக் குடும்பம் வாங்கிய குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு பிடிக்கப் போகிறேன். ஆறு வயது, காயடித்த ஆண். மேலே ஆள் ஏறியது பத்தாவது வாரத்தில்தான், அதுவும் வேலி போட்ட இடத்தில், நடை மட்டும், இருபது நிமிடம். அதற்கு முன்னால் பின்னாலிருந்து நீளக்கயிற்றில் நடத்தி, குரலுக்கு நிற்கப் பழக்கினோம். இவ்வளவுக்கும் வழிகாட்டியவர் ஈப்போவில் முப்பது வருடம் சைஸாக இருந்த ஒரு பெரியவர். சம்பளம் எதுவும் வாங்கவில்லை, பேருந்துக் காசோடு சரி. முதல் நாள் நான் கயிற்றை இறுக்கியபோது, “இழுக்காத தம்பி. இழுத்தா ஓடச் சொல்றேன்னு நினைச்சுக்கும்” என்றார். மேலே நான் கடிவாளத்துக்குச் சொன்ன விளக்கமெல்லாம் இந்த ஒரு வரிதான்.

ஒவ்வொரு முறையும் வந்ததும் முதலில் அவர் செய்வது, புறங்கையை நான்கு காலிலும் முழங்காலிலிருந்து கீழே மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. எந்தக் கால் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அதில் கோளாறு; அன்றைக்கு வேலை இல்லை. எத்தனை டிகிரி வித்தியாசம் உங்கள் கைக்குத் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். டிகிரி எல்லாம் படிச்சவங்க சொல்றது, இது சும்மா தொட்டுப் பார்க்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்குப் போனார்.