பிள்ளை டைரியைப் பிரிக்காதீங்க

கே.ஜி.எஃப். லைன் வீட்ல வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டு இருமல்கூட சுவர் தாண்டிக் கேட்கும். ரகசியம்னா அங்கே திருட்டுத்தனம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினாங்க. அப்பா அதைப் பத்தி வாயே திறக்கலை. குடிச்சார், அவ்ளோதான்.

இங்கே வந்தும் நமக்குப் புத்தி வரலைங்க. கவுன்சிலர் எழுதச் சொன்ன டைரியை, "பெத்தவங்களுக்குத் தெரியாம என்ன ரகசியம்?"னு பிரிச்சுப் படிக்கிறோம். 1986-ல் வெளியான பென்னிபேக்கர் ஆய்வில், மாணவர்கள் நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசை அழுத்துறதை எழுதினாங்க. எழுதின உடனே பாரம் கூடத்தான் செஞ்சது. அடுத்த மாசங்கள்ல டாக்டர்கிட்ட போறது குறைஞ்சது. எழுதினது யாருன்னு வெளியே தெரியாதுங்கிற உறுதி இருந்தது, கவனிங்க. நாம படிக்கிறது அந்தப் பாரமான 15 நிமிஷத்தை மட்டும். பயமா இருந்தா பிள்ளைகிட்டயே கேளுங்களேன்!

நானும் படிச்சவன்தான். இப்போ என் பொண்ணு டைரியில வெயில், மழை மட்டும்தான் இருக்கு.