‘ஊரா, காலனியா?’: லைவ்வில் கேட்கிறவனும் தலைகுனிகிற நாமும்

‘எந்த ஊரு?’ என்று கமெண்டில் ஒருவன் கேட்கிறான். ‘பெரம்பலூர் பக்கம்’ என்று அவள் சொல்லிவிடுகிறாள். அடுத்த நொடியே அடுத்த கேள்வி: ‘ஊரா, காலனியா?’

டீக்கடை பெஞ்சில் கேட்ட கேள்வி இல்லை இது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, செல்போன் கேமரா முன்னால் உட்கார்ந்து, வயது வந்தவர்களுக்கான காட்சி நடத்திச் சம்பாதிக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வி. உடம்பைப் பார்க்க வந்தவனுக்குத் தெரு எதற்கு? வேறு எந்த வாடிக்கையாளராவது கடைக்குப் போய் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் பொருள் வாங்குகிறாரா? இவன் கேட்கிறான். ஏனென்றால் பதில் ‘காலனி’ என்று வந்தால் அவன் பேச்சு மாறலாம், விலை மாறலாம், ‘நீங்க’ என்பது ‘ஏய்’ ஆகலாம். இந்தக் கணக்கை அவன் எந்த ஆப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை. அவன் தாத்தா களத்துமேட்டில் போட்ட கணக்கு அது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் சேரிகளுக்குள் போய் வேலை செய்கிறவர்கள் நாங்கள். இந்தத் தொழிலில் இருக்கிற பெண்கள் எங்களிடம் சொன்னதை, யார் என்று தெரியாதபடி எழுதுகிறோம். எத்தனை பேர், எந்தத் தெரு என்று எங்களிடம் கேட்டு வராதீர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் என்கிற அளவுக்கு நம் மக்கள் இருக்கிறோம். அத்தனை பேர் இருக்கிற இடத்தில் எல்லா வேலையிலும் நம் பெண்கள் இருப்பார்கள், இதிலும் இருப்பார்கள். இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது? ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்தால் ஓட்டுப்பால் பட்டுக் கை வெந்துபோகிறது. நூறு நாள் வேலைக்கு 2024-25இல் அரசு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய், அதுவும் வேலை கிடைத்தால், அதுவும் கணக்கில் ஏறினால். குழுக்கடன் வசூலுக்கு வருகிறவன் மட்டும் வாரம் தவறுவதில்லை. இந்த நிலைமையில் போன் ஒன்று கையில் இருக்கிற பெண் என்ன முடிவெடுத்தாள் என்பதை விசாரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இந்தத் தொழிலின் வலி காட்சியில் இல்லை, கமெண்டில் இருக்கிறது என்றுதான் பேசியவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். காசு கட்டி வருகிறவன் பெரும்பாலும் வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். ஓசியில் எட்டிப் பார்க்கிறவன்தான் வாய் கிழியப் பேசுகிறான். ஒரு காயின்கூடப் போடாமல் அம்மாவை இழுக்கிறான், கறுப்பு என்கிறான், சாதிப் பெயரைப் பாதி எழுத்தை மாற்றிப் போட்டு எழுதுகிறான். பேஸ்புக்கும் யூடியூபும் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியையும் சேர்த்துத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் நடு எழுத்தில் ஒரு புள்ளி வைத்து எழுதிய பெரம்பலூர் வசவு எந்த மெஷினுக்குப் புரியும்? வெளிநாட்டு லைவ் ஆப்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2020 ஜூன் 29இல் டிக்டாக்கோடு சேர்த்து பிகோ லைவ், லைக்கீ எல்லாவற்றையும் ஒன்றிய அரசு தடை செய்தது. தடைக்குப் பிறகு லைவ் நிற்கவில்லை. பெயர் தெரியாத, புகார் கொடுக்க முகவரி இல்லாத ஆப்களுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

வசவைவிட மோசமானது ரெக்கார்டிங். பார்த்துக்கொண்டே ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து, ஊர்ப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, ‘வரியா, இல்ல உங்க அண்ணனுக்கு அனுப்பவா’ என்று கேட்கிறவன் இருக்கிறான். அவனுக்குப் பெயர் ட்ரோல் இல்லை. அவன் பழைய பண்ணையாரின் பேரன்.

இதைச் சமாளிக்க இந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு பாடத்திட்டமே வைத்திருக்கிறார்கள். எந்தத் தொண்டு நிறுவனமும் சொல்லிக் கொடுக்காதது. பதில் பேசாதே, பதிலுக்காகத்தான் அவன் வந்திருக்கிறான். முதல் வசவிலேயே பிளாக், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நம்பிக்கையான ஒருத்தியை மாடரேட்டராக வை. நீ காட்சியைப் பார், அவள் கமெண்டைப் பார்க்கட்டும். சுவரில் நகைக்கடைக் காலண்டர் தொங்கினால் கழற்று, அதில் ஊர்ப் பெயர் இருக்கும். கோயில் திருவிழா மைக் கேட்கிற நாளில் லைவ் போடாதே. ஜிபே நம்பர் கொடுக்கவே கொடுக்காதே. பணம் அனுப்புகிறவன் திரையில் வங்கியில் இருக்கிற உன் முழுப் பெயரும் வந்து நிற்கும். பெரிய வெளிநாட்டுத் தளங்களில் குறிப்பிட்ட நாட்டுக்காரர்கள் பார்க்க முடியாமல் தடுக்கிற வசதி உண்டு. அதில் இந்தியாவைத் தடுத்துவிட்டால் சொந்த ஊர்க்காரன் கண்ணில் படுகிற ஆபத்து குறையும். ஆனால் தமிழில் பேசிச் சம்பாதிக்கிறவள் தமிழ்நாட்டைத் தடுத்துவிட்டு யாரிடம் பேசுவாள்? இங்கிலீஷ் தெரிந்தவளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. பாதுகாப்பிலும் வர்க்கம் இருக்கிறது, பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வசவு வருகிறது. அப்போது அறிவாளிகள் சொல்கிற ஆலோசனை, ‘கண்டுக்காம விடு’. எங்களுக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ‘கண்டுக்காம விடு’ என்பதை நம் பாட்டிகள் கேட்டிருக்கிறார்கள், அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள். வரப்பில் நின்று கூப்பிட்டவனைக் கண்டுக்காமல் விடச் சொன்னவர்கள் யாரும் கூப்பிட்டவனிடம் போய்ப் பேசவில்லை.

இது ஒரு சிலருடைய புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019 நாடாளுமன்றத் தேர்தல் காலத்தில் இந்தியாவின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்களை அம்னஸ்டி இந்தியா ஆய்வு செய்தது. ஏழில் ஒன்று அவமதிப்பாகவோ பிரச்சினைக்குரியதாகவோ இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு வந்த சாதி வசவு, பொதுப்பிரிவுப் பெண்களுக்கு வந்ததைவிட 59 விழுக்காடு அதிகம். போலீஸ் பாதுகாப்போடு மேடை ஏறுகிறவர்களுக்கே இது கதி. கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இருக்கிறவளுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சட்டத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாசத்தை வெளியிடுவதற்கு மூன்றாண்டுச் சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. 67ஏ, வெளிப்படையான பாலியல் காட்சிக்கு ஐந்தாண்டும் 10 லட்சமும். முதல் முறைக்கே இவ்வளவு. வெளியிடுகிறவர், அனுப்புகிறவர்தான் குற்றவாளி. பணம் கட்டி உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்தப் பிரிவுகளில் இடமே இல்லை. மிரட்டுகிறவனைப் பற்றிப் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போகிற பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?’ அதற்கு அவள் உண்மை சொன்னால் வழக்கு அவள் மேலேயே திரும்பலாம். மிரட்டுகிறவனுக்கு இது தெரியும். அவனுடைய தைரியமே அந்தப் பிரிவுதான்.

சமமாகப் பாய்கிற சட்டம் எப்படிப் பாய்கிறது என்றும் பார்த்துவிடுவோம். யூடியூபில் ஆபாசமாகப் பேசினார் என்று 2022இல் ஒரு பெண்ணைக் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். லைவ்வில் பெண்களைக் கேவலமாகப் பேசிய பப்ஜி மதன்மீதும் 2021இல் அது பாய்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெண் பத்திரிகையாளர்களைக் கேவலப்படுத்தும் பதிவை 2018இல் பகிர்ந்த எஸ்.வி.சேகருக்கு? வழக்கு ஆறு வருடம் நடந்து 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும். குண்டர் சட்டம் சில வாசல்களை மட்டும் தட்டுவதில்லை.

படித்த பெண்ணுக்காவது நியாயம் சுலபமாகக் கிடைக்கிறதா? 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோவை 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு பக்கம் நீக்க நீக்க இன்னொரு பக்கம் முளைத்துக்கொண்டே இருந்தது. ஆண் போலீசாரை வைத்துக்கொண்டு அவரிடம் விசாரித்த விதத்தையும் நீதிமன்றம் கண்டித்தது. கறுப்புக் கோட்டு போட்டவருக்கே இப்படி.

ஆனால் நம் கையில் இருக்கிற ஆயுதத்தை நாமே துருப்பிடிக்க விட்டிருக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(டபிள்யூ) பிரிவைப் படியுங்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே, அவள் சம்மதமில்லாமல் பாலியல் தன்மையுள்ள சொல்லாலோ சைகையாலோ நடந்துகொள்வது குற்றம். இந்த வழக்குகளில் வழக்கமாக உதைபடுவது ‘தெரிந்தே’ என்ற சொல்தான். அவள் சாதி எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பார்கள். லைவ்வில் வந்தவனோ ‘ஊரா, காலனியா?’ என்று கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு திட்டுகிறான்! அவன் கேட்ட கேள்வியே அவனுக்கு எதிரான சாட்சி. நேரமும் ஐடியும் தெரிகிற மாதிரி அந்த வரிசையைப் பதிவு செய்து வைத்தால் போதும். இணையத்தில் திட்டினால் அது பொதுப் பார்வையில் திட்டியதாகுமா என்று வாதிடுகிறவர்களுக்கு, 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: இணையத்தில் ஏற்றிய வசவு, திறந்து பார்க்கப்படும் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவர் முன்னிலையில் பேசியதாகவே கொள்ளப்படும். ரெக்கார்டிங் விஷயத்திலும் சட்டம் தெளிவு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, படம் எடுக்கச் சம்மதித்தவள் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது என்கிறது. 2022 மே 19இல் உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், பாலியல் தொழிலாளர்களைப் போலீஸ் வார்த்தையாலும் உடலாலும் துன்புறுத்தக் கூடாது, கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பின் நகலை எத்தனை ஸ்டேஷனில் பார்க்க முடியும்?

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். நம் தோழர்கள் சிலருக்கு இதைப் படிக்கும்போதே முகம் சுளித்திருக்கும். ‘நம்ம பொண்ணுங்கள இதுக்குத்தான் படிக்க வெச்சமா’, ‘இத வெளிய பேசுனா சேரிக்கே அசிங்கம்’. சில இடங்களில் நாட்டாமை போலக் கூட்டம் போட்டு, அந்தப் பெண்ணை நடுவில் நிற்க வைத்து, போனைப் பிடுங்கி உடைத்து, மன்னிப்புக் கேட்க வைத்ததும் நடந்திருக்கிறது. வீடியோவைப் பரப்பியவன் பக்கத்துத் தெருவில் பைக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று பொன்பரப்பியில் நம் வீடுகளை உடைத்தபோது தமிழ்நாடு முழுக்கத் தெருவில் இறங்கினோம். ஓட்டின்மேல் விழுந்த கல் தெரிகிற நமக்கு, ஒருத்தியின் போனுக்குள் விழுகிற கல் தெரியவில்லை.

அம்பேத்கரே எதிர்த்தாரே என்பார்கள். உண்மை. 1936 ஜூனில் மும்பையில் தேவதாசிகளும் ஜோக்தின்களும் கூடிய கூட்டத்தில், இந்தத் தொழிலை விட்டு வாருங்கள் என்று அவர் கண்டிப்பாகத்தான் பேசினார். எந்தப் பின்னணியில்? சாமி பெயரைச் சொல்லிப் பிறப்பிலேயே நம் பெண்களைப் பொதுச் சொத்தாக்கிய வழக்கத்துக்கு எதிராக. மகாராஷ்டிரத்தின் தமாஷா கலைஞர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் ஷைலஜா பைக் 2022இல் எழுதிய நூலைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். ‘ஆபாசம்’ என்ற முத்திரை தலித் பெண்ணின் உடம்பின்மேல் எப்படி ஒட்டப்பட்டது, ரசித்தவன் எப்படி நாகரிகமானவனாக எழுந்து போனான் என்று அதில் இருக்கிறது. 2005இல் மகாராஷ்டிர அரசு டான்ஸ் பார்களை மூடியபோது பெண்ணிய இயக்கங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இது சாதி சுமத்திய தொழில், ஒழியட்டும் என்று தலித் பெண்ணியவாதிகள் சிலர் தடையை ஆதரித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் தடைக்குப் பிறகு அந்தப் பெண்களில் பலர் அதைவிடப் பாதுகாப்பில்லாத இடங்களுக்குத்தான் போனார்கள். பிகோ லைவ்வைத் தடை செய்தபோது நடந்ததும் அதேதான்.

நாங்கள் இந்தத் தொழிலை விடுதலை என்று சொல்லவில்லை. அப்படி எழுதுகிற நகரத்து நண்பர்கள் ஒரு வாரம் அந்தக் கமெண்ட் பெட்டியைப் படித்துவிட்டு எழுதட்டும். வேறு வேலை, நல்ல கூலி, நிலம் எல்லாம் கேட்போம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அது வரும் வரை அவள் வசவு வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்தச் சித்தாந்தத்தில் இருக்கிறது?

எனவே இரண்டு மாவட்டத் தோழர்களுக்கும் சொல்கிறோம். இப்படி ஒரு பெண் வந்தால் கூட்டம் போடாதீர்கள், வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்க்காதீர்கள். ‘உறுதி செய்யப் பார்த்தேன்’ என்கிறவனை முதலில் வெளியே அனுப்புங்கள். 1930க்குப் பேசலாம். ஒன்றிய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றத்துக்குப் பெயர் சொல்லாமல் புகார் தர வழி இருக்கிறது. படம் பரவியிருந்தால் 2021 ஐடி விதிகளின்படி (2026இல் திருத்தப்பட்டபடி) தளங்கள் புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் நீக்கியாக வேண்டும்; புகார் அனுப்பிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். 67ஏ யார்மேல் பாயும் என்பது புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதிலும் இருக்கிறது. வன்கொடுமைப் பிரிவில் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ சொல்கிறது, விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி. ‘சைபர் செல்லுக்குப் போ’ என்று அலையவிட்டால் எழுதிக் கேளுங்கள். கூட இரண்டு பெண் தோழர்கள் போங்கள், பேச்சை அவளிடம் விடுங்கள்.